வெள்ளிக்கிழமை ஈஸ்ட்டுக்குத் தெரியாது

வீட்டில் பீர் காய்ச்சுகிறவனைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஆயிடுச்சா?” என்ன மால்ட், எந்த ஊர் ஹாப்ஸ், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை எப்படி விரட்டினாய் என்றெல்லாம் ஒருவரும் விசாரிப்பதில்லை. அதையெல்லாம் நாமாகச் சொல்ல ஆரம்பித்தால் எதிராளிக்கு உடனே ஒரு அவசர போன் வந்துவிடுகிறது. ஆயிடுச்சா, ஆகலையா? அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், காய்ச்சியவனுக்கும் சட்டென்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான்.

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் என்று ஜெர்மன்காரர்கள் வந்து ஆலை வைத்துப் பீராலேயே பேர் வாங்கிய ஊர். 1933இல் மதுவிலக்கை ரத்து செய்த அமெரிக்கர்கள், வீட்டில் வைன் போட்டுக்கொள்ள வழிவிட்டு, பீரை அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டு பீருக்கு விமோசனம் பிறந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு மாநிலமாக மனசு மாற வேண்டியிருந்தது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை பிடிவாதம் பிடித்தன. சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 750 லிட்டர், வரி கட்டாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பீரைத் தொட மாட்டார். ஆகவே என் மனைவியின் பங்கான 100 கேலனும் என் தலையில்தான் விழுகிறது.

காய்ச்சுவது பெரிய வித்தையில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்க வேண்டும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடி வைத்தால் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை போதும். அப்புறம் வேலையெல்லாம் ஈஸ்ட்டுடையது. இனிப்பைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் விடும். அது முடிந்ததும் பீரைக் கெக்குக்கு மாற்ற வேண்டும். கெக் என்றால் ஐந்து கேலன் பிடிக்கிற, ஒல்லியான எவர்சில்வர் பீப்பாய். ஒரு காலத்தில் கோக், பெப்சி சிரப்பை அடைத்து ஓட்டல்களுக்கு அனுப்பியது இதில்தான். சிரப் பிளாஸ்டிக் பையில் வரத் தொடங்கியதும் பீப்பாய்கள் வேண்டாத பொருளாயின. பீர் காய்ச்சுகிறவர்கள் வாரிக்கொண்டார்கள்.

மாற்ற வேண்டும், சரி. எப்போது?

காலண்டர் கட்சிக்காரர்களுக்கு வேதம், ஈஸ்ட் பொட்டலத்தோடு வரும் சீட்டு. ‘இரண்டு வாரம்’ என்று அதில் அச்சடித்திருக்கும். ஈஸ்ட் அதைப் படித்ததில்லை. ஏல் வகை ஈஸ்ட் 18-20 டிகிரி செல்சியஸில் நாலைந்து நாளிலேயே பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடும். லாகர் ஈஸ்ட் 10-12 டிகிரியில் நின்று நிதானித்து வாரக்கணக்கில் இழுக்கும். போட்ட ஈஸ்ட் எவ்வளவு, அதற்கு வயசென்ன, சாறு எவ்வளவு இனிப்பு, பேஸ்மெண்டில் குளிர் எவ்வளவு என்று இன்னும் ஆயிரம் கணக்கு. மில்வாக்கியில் ஜனவரி மாதத்து இரண்டு வாரமும் ஜூலை மாதத்து இரண்டு வாரமும் ஒன்றாகுமா?

அடுத்தது குமிழிக் கட்சி. பக்கெட் மூடியில் ஏர்லாக் என்று ஒரு பிளாஸ்டிக் சமாசாரம் செருகியிருக்கும். அதனுள்ளே கொஞ்சம் தண்ணீர். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. போகும்போதெல்லாம் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். என் சிகாகோ நண்பன் ஒருவன் அந்தப் பக்கெட்டின் முன்னால் நாற்காலி போட்டு ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்துவிடுவான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்தது என்று குறித்து வைத்த நோட்டில், அடுத்த பக்கத்திலிருந்து குமிழிக் கணக்கு. இரவு பதினொரு மணிக்கு போன் வரும்.

“மச்சான், நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்கு வந்துடுச்சு. மாத்திடவா?”

“வேணாம்டா.”

“ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு ஆனா?”

“அப்பவும் வேணாம்.”

“பின்னே குமிழி எதுக்குடா வருது?”

நல்ல கேள்வி. ஈஸ்ட் வேலை செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். ஹீட்டர் ஓடி அறை சூடானால் பீரில் கரைந்திருக்கும் வாயு கிளம்பி வரும். புயலுக்கு முன் காற்றழுத்தம் இறங்கினாலும் வரும். மூடி சரியாக உட்காரவில்லையென்றால், உள்ளே ஈஸ்ட் உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருக்கும்போதும் ஏர்லாக் கம்மென்று இருக்கும். வானிலை அறிக்கைக்கு வேண்டுமானால் குமிழியை நம்பலாம்.

சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடியது ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பார்த்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டாம். இரண்டும் ஒரே வம்சம். சாறு இனிப்பாக இருந்தால் மேலே மிதக்கும், இனிப்புக் குறையக் குறைய மூழ்கும். தண்ணீருக்கு 1.000. என் வழக்கமான பேல் ஏல் 1.052இல் தொடங்கும், ஈஸ்ட் சாப்பிட்டு முடித்தால் 1.012 வாக்கில் நிற்கும். இந்த வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் சாராயம் ஐந்தேகால் சதவீதம் என்று விடை வரும். விதி இதுதான்: இன்று ஒரு தரம் பார், இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பார். எண் அசையவில்லையென்றால் ஈஸ்ட் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டது.

சொல்வதுதான் சுலபம். பிடித்த சாம்பிளில் வாயு நிறைந்திருக்கும். பொடிப்பொடிக் குமிழிகள் கண்ணாடித் தண்டில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், 1.012 இருப்பது 1.015 என்று காட்டும். வாயுவை விரட்டக் காந்தக் கலக்கி என்று ஒரு இயந்திரம் விற்கிறார்கள். கும்பகோணத்துக்காரனுக்கு எதற்குக் காந்தம்? டபராவும் டம்ளரும் எடுத்து ஒரு முழ உயரத்திலிருந்து ஏழெட்டு ஆற்று ஆற்றினால் வாயு தானாகப் போய்விடுகிறது. என்ன, அந்தப் பித்தளை டபரா மாமியார் சீராகக் கொடுத்தது. “எங்கம்மா இதை ஃபில்டர் காபிக்குக் கொடுத்தாங்க,” என்று மனைவி ஒரு தரம் சொன்னாள். ஒரே தரம்தான். அந்தத் தொனியைக் கேட்ட பிறகு, சிகாகோ டெவான் அவென்யூவுக்குப் போய்ப் பீருக்கென்று தனியாக ஒரு டபரா செட் வாங்கிவந்துவிட்டேன்.

ஆற்றியதை நீளக் குடுவையில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை இறக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடியைப் பற்றி ஏறும் விளிம்பைப் பார்க்கக் கூடாது. அதற்குக் கீழே இருக்கும் சமதளத்தைப் பார்க்க வேண்டும். பேஸ்மெண்டில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு மேலே ஓடிய மகள், “அம்மா, அப்பா சாமி கும்பிடறார்,” என்று சொன்னது எனக்குக் கீழேயே கேட்டது. பார்த்து முடித்த சாம்பிளைத் திரும்பப் பக்கெட்டில் ஊற்றக் கூடாது, கிருமி போய்விடும். குடித்துவிட வேண்டியதுதான். இந்த விஞ்ஞானத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இன்னொரு விதியும் உண்டு: ஹைட்ரோமீட்டர் வாங்கினால் இரண்டாக வாங்கு. ஒன்று பார்க்க, ஒன்று உடைய.

இந்த மாதிரிக் கருவிகள் பீர் உலகத்துக்குள் நுழைந்ததே திருட்டுத்தனமாகத்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்டன் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் அப்பாவின் பீர் ஆலையில் இருந்தார். தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சிப் பார்க்க ஆசை. அப்பாவுக்குப் புதுமையெல்லாம் ஆகாது. அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஹைட்ரோமீட்டரையும் பிடித்தார். லண்டனில் பெரிய ஆலைக்காரரான சாமுவேல் விட்பிரெட்டிடம் கொண்டுபோய்க் காட்டினால், ‘போய்ப் பிழைப்பைப் பார் தம்பி’ என்கிற தோரணையில் அனுப்பிவிட்டார். ஹென்றி த்ரேல் என்ற இன்னொரு ஆலைக்காரர்தான் மதித்து வரவேற்றார். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். ஆலைகள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. பேவர்ஸ்டாக் கருவியை அப்பாவிடமிருந்து ஒளித்தார். நான் மனைவியிடமிருந்து விலைச் சீட்டை மட்டும் ஒளிக்கிறேன்.

எண் இரண்டு தரம் ஒன்றாக வந்தால் போதுமா? எந்த எண் என்று ஒன்று இருக்கிறதே. 1.022இல் அடம் பிடித்து நிற்கும் பீரும் இரண்டு தரம் ஒரே எண்ணைத்தான் காட்டும். அது முடிந்த பீர் இல்லை. குளிர் தாங்காமல் ஈஸ்ட் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்ட பீர். சாதாரண ஏல் ஈஸ்ட் இனிப்பில் முக்கால் பங்கு வரை தின்றுவிடும், 1.052இல் தொடங்கியது 1.013 பக்கத்திலாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் பக்கெட்டைப் பேஸ்மெண்டிலிருந்து தூக்கிக் கணகணப்பான ஹாலுக்குக் கொண்டுவந்து லேசாக ஒரு ஆட்டு ஆட்டினால், அடியில் படுத்திருக்கும் ஈஸ்ட் எழுந்து மிச்ச வேலையைப் பார்க்கும். இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் பக்கெட்டை மாடிப்படி ஏற்றிய பிறகு நாம்தான் படுத்துவிடுவோம்.

குனிந்து பார்க்கச் சோம்பல்பட்ட சிகாகோ நண்பன், பீருக்குள் மிதந்தபடியே போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றை வாங்கினான். தான் எவ்வளவு சாய்ந்து மிதக்கிறது என்பதை வைத்து அது எண் சொல்லும். ஒரு சதாபிஷேகத்தில், பெரியவருக்குக் கலசத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில், போனைப் பார்த்து “1.016!” என்று கத்திவிட்டான். புரோகிதர் ஒரு கணம் மந்திரத்தை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கருவியின் தலையில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் சாய்வு மாறும், எண்ணும் மாறும். ரிஃப்ராக்டோமீட்டர் என்று இன்னொன்று, ஒரே ஒரு சொட்டில் அளக்கலாம் என்பார்கள். காய்ச்சும் அன்றைக்குச் சரிதான். சாராயம் கலந்த பிறகு ஒளி வளையும் கணக்கே மாறிவிடுவதால், திருத்தம் போடாமல் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது எண்ணைப் பற்றி மட்டுமில்லை, மூக்கைப் பற்றியும். எண் நின்ற அன்றே பீர் முடிந்துவிடுவதில்லை. பந்தி எழுந்தாயிற்று, இலை எடுக்கவில்லை என்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கிறது. ஈஸ்ட் தின்கிற வேகத்தில் டயசெட்டில் என்று ஒன்று பீரில் தங்கிவிடும்; வெண்ணெய் வாசனை அடிக்கும். அசிட்டால்டிஹைடு என்று இன்னொன்று. பச்சை ஆப்பிளை நறுக்கிய மாதிரி மணக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் சூடு குறையாமல் விட்டுவைத்தால் இரண்டையும் ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடும். லாகர் காய்ச்சுகிறவர்கள் இதற்கென்றே கடைசியில் சூட்டை 18 டிகிரி வாக்கில் ஏற்றுவார்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஆலைகளில் ஒரு சோதனை செய்வார்கள். இரண்டு கிளாஸ் சாம்பிள். ஒன்றை மூடி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் வைத்து ஆறவிட்டு, சூடு காட்டாத மற்றதோடு சேர்த்து மோந்து பார்க்க வேண்டும். பின்னால் வெண்ணெயாகப் போவது ஏதாவது ஒளிந்திருந்தால் சூட்டில் வெளியே வந்துவிடும். டயசெட்டில் வாசனை எளிதில் பிடிபடாத மூக்குகள் உண்டு. என்னுடையது அந்த ரகம். என் மனைவியின் மூக்கோ, ரசத்தில் போட்டது கட்டிப் பெருங்காயமா தூளா என்று வாசலிலேயே சொல்லிவிடும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் முன்னால் இரண்டு கிளாஸையும் அலுமினியத் தாளால் மூடி நீட்டினேன். கை ஈரம், தாளின் ஓரத்தை நானே தூக்கிக் காட்டினேன். முதல் கிளாஸ். இரண்டாவது கிளாஸ். மறுபடி முதல் கிளாஸ்.

“இதுல ஒண்ணுமில்லே. அது சினிமா தியேட்டர்.”

“தியேட்டர்னா?”

“பாப்கார்ன்ங்க.”

மைக்ரோவேவ் பாப்கார்னுக்கு வெண்ணெய் வாசனை வர நெடுங்காலம் சேர்த்துவந்தது இதே டயசெட்டில்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கெக் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. பீரை நாக்கில் வைத்தறியாத ஒருத்தியின் தீர்ப்புக்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? பாட்டிலில் அடைத்திருந்தால் வெடிக்கும். சிகாகோ நண்பன் தீபாவளிக்கு ஆக வேண்டும் என்று 1.020இல் பாட்டிலில் அடைத்துத் துணி அலமாரிக்குள் வைத்தான். மிச்ச இனிப்பை ஈஸ்ட் பாட்டிலுக்குள் உட்கார்ந்து தின்றது. வாயுவுக்குப் போக வழியில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே, நடுராத்திரியில், பட்டுப்புடவைகளின் நடுவே தீபாவளி நடந்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவன் நாற்காலி போட்டுக் குமிழி எண்ண ஆரம்பித்தது.

கெக் அப்படி இல்லை. 130 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கும் என்று உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். மூடியில் ஒரு வால்வு. வளையத்தை இழுத்தால் புஸ்ஸென்று அடங்கிவிடும். ஆள் பிழைத்துக்கொள்வான், பீர்தான் பிழைக்காது. கெக் நேரே ஃபிரிட்ஜுக்குப் போகிறது. 3 டிகிரி குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். அதற்குள் எடுக்காத வெண்ணெய், ஐந்து கேலனும் தீரும்வரை கிளாஸுக்குக் கிளாஸ் வந்துகொண்டே இருக்கும். பாட்டில் ஒரே ராத்திரியில் தண்டித்துவிடும். கெக் தவணை முறையில் தண்டிக்கும்.

எங்கள் ஊரே இந்தத் தண்டனையைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1970களில் மில்வாக்கியின் ஷ்லிட்ஸ், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பீர் கம்பெனி. செலவைக் குறைக்க நொதிக்கும் நாட்களைக் குறுக்கினார்கள். மால்ட்டில் கொஞ்சம் குறைத்துச் சோளச் சிரப் ஊற்றினார்கள். பிறகு பீர் தெளிய ஒரு பொருள், நுரை நிற்க இன்னொரு பொருள். 1976இல் அந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து பாட்டிலுக்குள் திப்பி திப்பியாக மிதக்க ஆரம்பித்தன. சுமார் ஒரு கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். 1981இல் மில்வாக்கி ஆலையை மூடினார்கள்; அடுத்த வருஷம் டெட்ராய்ட் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அந்தப் பேரை எடுத்தால் இன்றைக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. “உங்கள் பீர் ஆகிவிட்டதா?” என்று என்னைக் கேட்காத ஒரே மனிதரும் அவர்தான்.

அதற்காகக் காத்துக்கொண்டே இருப்பதும் கெட்டிக்காரத்தனமில்லை. ஏர்லாக்கில் தண்ணீர் வற்றினால் காற்று உள்ளே வரும். காற்றுப் பட்ட பீர் நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டியாக மணக்கும். ஹாப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சும் ஐபிஏ, அந்த மணத்தை வாரா வாரம் இழக்கும். கோதுமை பீருக்குக் கலங்கல்தான் அழகு. அது தெளியட்டும் என்று யாரும் தவம் கிடக்க வேண்டாம். ஐபிஏயில் கூடுதலாக ஒரு வில்லங்கம். எண் நின்றுவிட்டது என்று கடைசியில் உலர்ந்த ஹாப்ஸை அள்ளிப் போட்டால், ஹாப்ஸில் இருக்கும் என்சைம்கள் ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் கிடந்ததை உடைத்து அதற்கு ஊட்டிவிடும். நின்ற எண் மறுபடி இறங்கும். முதலிலிருந்து டபரா, டம்ளர்.

இதெல்லாம் விருந்தாளிக்கு எதற்கு? வெள்ளிக்கிழமை சாயந்திரம் வருகிறோம் என்று மச்சினன் திங்கட்கிழமை போன் செய்வான்.

“அத்தான், ஆயிடுச்சா?”

“ஆயிட்டே இருக்குப்பா.”

“வெள்ளிக்கிழமைக்கு ஆயிடுமில்ல?”

ஈஸ்ட்டுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது, மச்சினனையும் தெரியாது. அன்றைக்கே கெக்குக்கு மாற்றினாலும், 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பீருக்குள் வாயு ஏற ஒரு வாரமாவது பிடிக்கும். 30 பிஎஸ்ஐ வைத்துக் கெக்கைத் தரையில் உருட்டினால் சீக்கிரம் ஏறும் என்று சிகாகோ நண்பன் உருட்டுவான். அவன் வீட்டில் முதல் கிளாஸில் நுரை வரும், இரண்டாவது கிளாஸிலும் நுரை வரும்.

நான் உருட்டுவதில்லை. போன வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல மில்வாக்கி பீராக வாங்கிக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, பேஸ்மெண்டிலிருந்து ஏந்திக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தேன். மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

“அத்தான், அப்படியே கடை பீர் மாதிரியே இருக்கு!”

வீட்டு பீருக்கு இவர்கள் கையால் கிடைக்கக்கூடிய உச்ச விருது அது. கூட வந்தவர்களும் ஆமோதித்தார்கள். என் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் யாராவது பக்கெட் வாங்கக் கிளம்பியிருந்தால், தயவுசெய்து பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமில்லாமல் அங்கே மது தயாரிப்பது குற்றம். டபராவில் ஆற்றினாலும்.